நடந்து வந்த நெருப்பு

இரும்பு உருக்கும் பக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உலையிலிருந்து இரும்பு பெரிய வாளிக்குள் விழுந்ததைக் கண்டதும் மரியரட்ணம் அண்ணை சிலுவை அடையாளம் போட்டாராம். வேலையை மேற்பார்க்கும் போர்மன் ஹென்னிங் அதைப் பார்த்துவிட்டு, மற்ற வேலையாட்களும் பார்க்கும்படி தானும் ஒன்று போட்டுக் காட்டினாராம். பகிடிக்குத் தொடங்கியது. ஆனால் அண்ணை லீவில் நின்ற ஒரு நாள், ஹென்னிங் யாரும் பார்க்காத நேரம் தனியாகப் போட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

1986இல் டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அண்ணை, நித்தியானந்தன், நான். அண்ணைக்கு முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துத் தீவொன்றின் கரையில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் கடலுக்குப் போனவர். கடலில் இறங்கத் தடை வந்து வள்ளம் கரையில் வெயிலில் கிடந்து வெடித்த வருடம், மனைவி விக்ரோரியாவையும் மேரிசெலின், செல்வமலர் என்ற இரண்டு பெண்பிள்ளைகளையும் விட்டுவிட்டு, கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். அகதி என்று ஏற்றுக்கொண்ட தாள் அவருக்குக் கிடைத்திருந்தது. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. பக்டரியில் அவருடைய வேலை, வாளியில் மிதக்கும் கசடை நீளக் கம்பியால் வழித்து எடுப்பது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர் இரும்பைப் பார்ப்பது, கடலைப் பார்ப்பவரின் பார்வை மாதிரியே இருக்கும் என்று நித்தி சொல்வான்.

நான் பேராதனையில் புவியியல் படித்துப் பட்டம் பெற்றவன். எங்கள் ஊரில் எனக்கு முன்னர் ஒருவரும் பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லை. பட்டமளிப்புப் படத்தை என்னைப் பெற்ற ஐயா தபாற்கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டியவர். அதன் ஒரு பிரதியை ஹோர்சன்ஸ் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அரசாங்கக் கந்தோர்க் கடிதம் எது வந்தாலும் மூன்று பேருக்கும் நான்தான் வாசிப்பேன். தெரியாத டேனிஷ் சொல் வந்தால் முகத்தை மாற்றாமல் அடுத்த வரிக்குப் போகப் பழகியிருந்தேன்.

தொலைக்காட்சி, தெருவோரத்தில் பழைய சாமான் வைக்கும் நாளில் நித்தி தோளில் சுமந்து வந்தது. கறுப்பு வெள்ளை. சத்தம் வராது. படத்தின் கீழ்ப்பக்கம் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் எழுத்து ஒன்றும் வாசிக்க முடியாது. அப்படியிருந்தும் பின்னேரச் செய்தியை நாங்கள் தவறவிடுவதில்லை.

நவம்பர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. அண்ணை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, உதை விட்டிட்டு வாங்கோ," என்று நித்தி கூப்பிட்டான். "உங்கட பக்கம் போலக் கிடக்கு."

திரையில் ஒரு கடற்கரை. தென்னை மரங்கள். தகரக் கூரை வீடு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நீளச் சோட்டிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, எங்கள் நிறம்தான், சுருட்டிய பாயை ஒரு பிக்கப் வாகனத்தில் ஏற்றினாள். மேலே ஹெலிகொப்டர் ஒன்று நின்றது. ரோட்டைக் குறுக்கே மறித்துப் பொலிஸ், பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்ற சனம், அவர்களுக்கு அப்பால் ரோட்டில் கறுப்பாகப் பரவிக் கிடந்த ஏதோ ஒன்று. பிறகு கடல். அதன் விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை மலைமலையாக எழும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு வரைபடம் வந்தது. சுற்றிலும் கடல், தனித்த ஒரு தீவு, கரையில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குப் பிறகு உதைபந்தாட்டம்.

அண்ணை கையில் கத்தியோடு என்னைப் பார்த்தார். "தம்பி, என்ன உது?"

"இலங்கைதான் அண்ணை. வரைபடம் காட்டினவங்கள்."

"புள்ளி கீழையெல்லோ கிடந்தது," என்றான் நித்தி. "யாழ்ப்பாணம் மேலையெல்லோ."

"டிவிக்காரனுக்கு யாழ்ப்பாணம் எது, மாத்தறை எது எண்டு தெரியுமோ? எங்கையாவது ஒரு இடத்திலை குத்தியிருப்பான்."

"பனை ஒண்டும் காணேல்லை, மச்சான்."

"கமரா பிடிச்ச பக்கத்திலை தென்னை நிண்டிருக்கும். எனக்கு நீ புவியியல் படிப்பியாதை."

அண்ணை எங்கள் சண்டையைக் கேட்கவில்லை. "அந்தத் தகரம் அந்தோனிதாசன்ரை," என்றார் மெதுவாக. "அதுக்கு இங்காலை என்ரை வீடு. புகை கடல் பக்கத்தாலை வந்தது. நேவி அடிச்சிருக்கிறான்."

கத்தியைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு நிலத்தில் இருந்துவிட்டார்.

ரெலிபோன் கூண்டுக்கு ஓடினோம். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கடைக்கு எடுத்தால், அவர்கள் தீவுக்கு ஆள் அனுப்பிச் சொல்வார்கள். லைன் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அது புதினமில்லை. ஆனால் அன்றைக்கு அதையும் நாங்கள் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் ஞாயிறு. கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறுகளில் முதலாவது என்றபடியால் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். பூசைக்கு முன்னர் அண்ணை ஒரு துண்டுத் தாளைப் பாதரிடம் கொடுத்தார். அதில் மூன்று பெயர்கள், என் எழுத்தில். பாதர் டேனிஷ்காரர், வயதானவர். தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இவர்கள் இறந்துவிட்டார்களா என்று.

நான் அண்ணையின் முகத்தைப் பார்க்காமல், ஓம் என்றேன்.

இறந்தவர்களுக்கான செபத்தில் அந்த மூன்று பெயரையும் பாதர் தடக்கித் தடக்கி வாசித்தார். விக்ரோரியா என்ற பெயர் மட்டும் சுத்தமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை என் முன்னால் ஒரு கொப்பியை வைத்தார்.

"ஒரு கடிதம் எழுதும் தம்பி. நான் போறன்."

"எங்கை?"

"ஊருக்கு. ஆரும் எடுத்து அடக்கியிருக்க மாட்டினம்."

"போனா திரும்பி வரேலாது அண்ணை. அகதி எண்டு தந்த தாளைத் திருப்பிக் குடுக்கோணும். ஊரிலை இறங்கின உடனை உங்களையும் பிடிப்பாங்கள்."

"பிடிக்கட்டும். இனி அந்தத் தாளை வைச்சு நான் ஆரைக் கூப்பிடுறது?"

நித்தி குறுக்கே விழுந்தான். "ரெண்டு நாள் பொறுங்கோ அண்ணை. வேறை ஆரிட்டையும் கேப்பம்."

"ஆரிட்டைக் கேக்கிறது? கம்பஸுக்குப் போய்ப் படிச்ச பிள்ளை பக்கத்திலை இருந்து பாத்துச் சொன்னது."

நான் அண்ணையின் பெயரில் கந்தோருக்கு எழுதினேன். எனக்குத் தந்த அடைக்கலத்துக்கு நன்றி, அதை இத்துடன் கைவிடுகிறேன் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு பிழையும் இல்லை என்று ஒரு கணம் திருப்திப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. அண்ணை கையெழுத்து வைத்தார், உறையை ஒட்டினார், முத்திரையும் ஒட்டினார்.

திங்கள் விடிய, பக்டரியில் ஹென்னிங்கிடம் சொல்லிக்கொண்டு, சப்பாத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்து, வரும் வழியில் கடிதத்தைப் போடுவது என்று புறப்பட்டார். பத்து மணிக்குள் திரும்பி வந்துவிட்டார். அந்தக் குளிரில் மேலங்கி இல்லை. பக்டரி உடுப்போடேயே சைக்கிளில் வந்திருக்கிறார். சப்பாத்து முழுக்கக் கரி மணல்.

"தம்பி, உம்மட்டை ஒண்டு கேக்கிறன். அந்த வீடு எங்காலை பத்தினது?"

"கூரையிலை."

"இல்லை. வடிவா யோசியும். கூரை தகரம். அடிச் சுவரிலைதான் பத்தினது. நிலத்தாலை வந்து பிடிச்சது."

நித்தியும் படுக்கையிலிருந்து எழும்பி வந்தான். அண்ணை தொடர்ந்தார்.

"போறதுக்கு முன்னம் ஒரு வாளி வழிச்சுக் குடுத்திட்டுப் போ எண்டு ஹென்னிங் கேட்டவன். சரியெண்டு நிண்டன். வாளி கொஞ்சம் சரிஞ்சு இரும்பு மணலிலை ஊத்துப்பட்டுப் போச்சு. எல்லாரும் விலகினவங்கள். நான் விலகேல்லை. பாத்துக்கொண்டு நிண்டனான். மேலை கறுத்து ஆடை பிடிக்கும். பிறகு அது வெடிக்கும். வெடிப்புக்குள்ளாலை வெள்ளையா ஒரு நாக்கு வெளியிலை வரும். அது கறுக்கும். திரும்பவும் வெடிக்கும். சனிக்கிழமை ரோட்டிலை வந்தது உதுதான். அது நடந்து வந்தது, தம்பி. ஆறுதலா நடந்து வந்தது. குண்டு நடந்து வராது."

அண்ணை குனிந்து சப்பாத்து மணலைத் தட்டினார்.

"இன்னொண்டு. அங்கை நிண்ட சனம் இடுப்பிலை கை வைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டது. மேலை ஹெலி நிக்க எங்கட சனம் அப்பிடி நிக்குமோ?"

கறுத்து, வெடித்து, உள்ளிருந்து புது நாக்கு நீட்டும் அந்தக் குழம்பை இறுதியாண்டுப் பரீட்சையில் நான் படமாகக் கீறியிருக்கிறேன். நடுச் சமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் அந்தத் தீவின் கரையை மனப்பாடமாக வரைந்து, எரிமலை வாய்க்குப் புள்ளியும் குத்தியிருக்கிறேன். தென்கிழக்குப் பக்கம், நித்தி சொன்ன அதே இடத்தில். டென்மார்க்கில் இருந்த தமிழர்களில் அந்தப் படத்தைக் கண்டதும் இன்னது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். எரியும் வீட்டைக் கண்டேன், மேலே ஹெலியைக் கண்டேன், படித்தது முழுக்க எங்கே போனதென்று தெரியவில்லை.

"கடிதம் போட்டாச்சோ அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் சட்டைக்குள்ளிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தார். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

மூவரும் நூலகத்துக்குப் போனோம். பத்திரிகையின் உள்பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. அதே தகரக் கூரை. மேலே ஹவாய் என்ற பெயர், எந்த மொழிக்காரனும் எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடிய அளவு பெரிதாக. உருகிய பாறை மலையிலிருந்து இறங்கி, ஊர்மனைக்குள்ளால் வந்து, ரோட்டைக் கடந்து கடலில் விழுகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த வெள்ளைப் புகை, கடல் கொதித்து எழும்பிய ஆவி.

அண்ணை படத்தின் மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"ஆர் கொளுத்தினது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நிலத்துக்குக் கீழையிருந்து வந்தது."

"ஒருத்தருமே இல்லையோ?"

"இல்லை."

நம்ப முடியாதவராக என்னையும் நித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்குத் தெரிந்து எரிந்த வீடுகளில், கொளுத்தியவன் இல்லாத வீடென்று ஒன்றுகூட இருக்கவில்லை.

"அப்ப அந்த மனிசி ஆரோடை கோவிக்கிறது?" என்று கேட்டார். வாளிக்கு முன்னால் போடுவதுபோல ஒரு சிலுவை அடையாளம் போட்டார்.

வெளியே வந்ததும் நித்தி என் முதுகில் தட்டினான். "வீட்டிலை தொங்கிற பட்டப் படத்தை மற்றப் பக்கம் திருப்பி மாட்டுவமோ, பட்டதாரி?"

நான் சிரிக்கவில்லை. அண்ணையும் சிரிக்கவில்லை. அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளையளைச் செத்தவையோடை சேத்துப் பேர் வாசிச்சுப் போட்டம். வாரும், இப்பவே பாதரிட்டைப் போவம். நீர்தான் ஓம் எண்டனீர். நீர்தான் இல்லையெண்டும் சொல்லோணும்."

பாதர் கதவைத் திறந்தபோது கையில் கோப்பிக் கோப்பை இருந்தது. நடந்ததைச் சொன்னேன். சத்தமில்லாத பெட்டி, வரைபடம், என் படிப்பு, எதையும் மறைக்கவில்லை. அவர் உள்ளே போய் அந்தத் துண்டுத் தாளைத் தேடி எடுத்து வந்து அண்ணையின் கையில் வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார்: அப்படியென்றால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?

அண்ணை என் வாயைப் பார்த்தார். இல்லை, ஓம், எதைச் சொல்ல? அந்தச் சனிக்கிழமை தீவில் என்ன நடந்தது என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது. ஹவாயில் வீடு எரிந்தபடியால் எங்களுடையது எரியவில்லை என்று ஆகிவிடாது.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

அதைத் தமிழில் அண்ணைக்கும் சொன்னேன். அவர் தலையாட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

வீட்டில் கேத்தில் ஆவியில் பிடித்து அந்த முத்திரையைக் கிளப்பி எடுத்தார். "இதோடை இன்னும் ரெண்டு ஒட்டினா விக்ரோரியாவுக்கு அனுப்பக் காணும்," என்றார். ஆங்கிலக் கடிதத்தை நான் கிழித்தேன். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனார்.

மூன்று கிழமை கழித்து ஊர்க் கடிதம் வந்தது. அவர் எழுதியதற்குப் பதில் அல்ல. அது அப்போது வழியில் இருந்தது. கிணற்று நீர் உவர்க்கிறது, செல்வமலருக்கு முன்பல் விழுந்துவிட்டது, படம் ஒன்று எடுத்து அனுப்புங்கோ என்று விக்ரோரியா எழுதியிருந்தா. அண்ணை மேலே இருந்த திகதியை எனக்குத் தொட்டுக் காட்டினார். நவம்பர் இருபத்தொன்பது. நாங்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்த சனிக்கிழமை.

அன்று அவருக்குப் பின்னேர வேலை. கடிதத்தை பக்டரி உடுப்புக்குள் வைத்துக்கொண்டு போனார். இரும்பு ஊற்றும் இடத்துக்குக் கடதாசி கொண்டுவரக் கூடாது என்று ஹென்னிங் கத்தினாராம். அண்ணை கேட்கவில்லையாம்.