முட்டியில் வைத்த கை

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பக்கத்துத் தெருவில் யாருக்காவது சாமி வந்தால்கூடச் செல்போனில் வீடியோ எடுத்துச் சிரித்தவன். அதனால் இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஏழு வயதில் டிவியில் ஒரு பழைய இங்கிலீஷ் படம் பார்த்தேன். கடலிலிருந்து ராட்சதப் பிராணி ஒன்று வெட்டி வெட்டி நடந்து வரும். எல்லாரும் சிரித்தார்கள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து, சேர்த்து ஓட்டினால் அப்படி உயிர் வரும் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் அப்பா பாகூர் ஏரியிலிருந்து அரை மூட்டைக் களிமண் சுமந்து வந்து போட்டார். கரும்பு டிராக்டர் ஏறி நசுங்கிய இடது காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். "செய்டா" என்றார், அவ்வளவுதான். அன்று பிடித்த பைத்தியம்தான் என்னை அனிமேஷன் படிக்க வைத்தது.

கடைசி வருடப் படத்துக்கு, ஏரியிலிருந்து எழுந்து வரும் ஒரு பேயைச் செய்தேன். உள்ளே கட்டுக்கம்பி, மேலே அதே ஏரி மண். ஆனால் நடை மட்டும் வரவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்பா வயலிலிருந்து வருவதை அவருக்குத் தெரியாமல் வீடியோ எடுத்து, அந்த நடையை அப்படியே பொம்மைக்கு வைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் இடது முட்டியில் கையை ஊன்றுவார், அதை மட்டும் விட்டுவிட்டேன். பேய்க்கு வலிக்கிற மாதிரி இருந்தால் யார் பயப்படுவார்கள்?

முதல் காட்சியைக் காலேஜில் போட்டதும் ஒரே கைதட்டல்.

"மச்சி, இன்னா நடைடா! எங்கடா சுட்ட?" என்றான் நண்பன் சதீஷ்.

"என் மூளைடா" என்றேன்.

அவன் காலை இழுத்து இழுத்து லேப் முழுக்க நடந்து காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மீதிக் காட்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எடுத்தேன். வெளிச்சம் மாறாமல் இருக்க ஜன்னலில் உரச்சாக்கு மாட்டியிருந்தேன். அம்மா மண்ணாடிப்பட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். ஸ்டாண்டில் மாட்டியிருந்த செல்போனில் இருநூற்றுப் பன்னிரண்டாவது படத்தை எடுத்து நோட்டில் குறித்தபோது அப்பா கதவைத் திறந்தார். பொம்மையையே பார்த்தார்.

"இன்னாடா இது, கால இழுத்துக்கினு போவுது?"

"பேய்ப்பா. சும்மா நானா நெனச்சு செஞ்சது."

"சரி வா, சோறு ஆறுது."

செல்போனை அப்படியே விட்டு, அறைக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அத முட்டில கைய ஊணச் சொல்லுடா. அப்பத்தான் வலி தெரியாது."

நான் எழுந்து கையைக் கழுவினேன்.

திரும்பிப் போய்ப் பார்த்தால் செல்போனில் இருநூற்று முப்பத்தொரு படங்கள். நான் எடுக்காத பத்தொன்பது. அவை எடுக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். ஓட்டினேன். பேய் நிற்கிறது, மெல்லக் குனிகிறது, இடது முட்டியில் கையை ஊன்றுகிறது, இரண்டு எட்டு நடக்கிறது. எந்தப் படத்திலும் ஓர் ஆளின் நிழல்கூட இல்லை. பொம்மையைப் பார்த்தேன், கை முட்டியில்தான் இருந்தது. களிமண்ணைத் தொட்டால் ரேகை விழாமல் இருக்காது, உடம்பு முழுக்க என் ரேகை. அந்தக் கையிலும் முட்டியிலும் மட்டும் எதுவும் இல்லை.

அந்தப் பத்தொன்பதையும் வெட்டிவிட்டு, பொம்மையை மறுபடி நகர்த்தப் பயந்து, ஏற்கெனவே எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டி முடித்துக் கொடுத்தேன். படம் பரிசு வாங்கியது. மேடையில் நடையைப் பற்றிக் கேட்டார்கள், கற்பனை என்றேன். அப்பா கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் ஆகிறது. பொம்மை காய்ந்து, உடம்பெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. நம்பினால் நம்புங்கள், நேற்றுகூட விரலை நுழைத்துப் பார்த்தேன். அந்த உள்ளங்கைக்கும் முட்டிக்கும் நடுவில் மட்டும் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது.