தம்பி வானத்தில் இருந்தபோது

“உங்க தம்பி எங்க இருக்கார்? வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?” என்று டாக்டர் கேட்டார். அப்பாவின் நுரையீரலைப் பற்றி அன்று அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சான் பிரான்சிஸ்கோ. ஏறக்குறைய பதினான்காயிரம் கிலோமீட்டர். துபாய் வரை பதினாறு மணி நேரம், அங்கே பாதி ராத்திரி காத்திருக்க வேண்டும், அப்புறம் இன்னொரு நாலு மணி நேரம். சொன்னேன். மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, “உடனே கிளம்பச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள், நம்மூர் நேரப்படி விடிகாலையில், தம்பி விமானம் ஏறினான். நான் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து, போனில் அவன் விமானம் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தில் அந்தச் சின்ன விமானப் படம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தி. நகரில் நாற்பது வருஷம் ஜவுளிக் கடை நடத்திய அப்பா ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. பத்து மணிக்குக் கண் திறந்தார்.

“எங்க வாரான்?”

“கனடாவைத் தாண்டிட்டான்ப்பா.”

“இன்னும் எத்தன மணி நேரம்?”

“சாயங்காலம் துபாய் வந்துடுவான்.” மறுநாள் காலையில்தான் சென்னை என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

வடதுருவத்தை நெருங்கியதும் விமானத்தில் இன்டர்நெட் அறுந்துபோனது. நான் அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. தரை துடைக்க வந்த ஆயாம்மா என் போனை எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, பிளேனு அங்கியே நின்னுகினு கீது?”

“நிக்கல, போய்க்கிட்டுதான் இருக்கு.”

அவர் அப்பாவின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார். போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார். நானும் தொட்டேன். சில்லென்றிருந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன் அப்பா போய்விட்டார். படத்தில் விமானம் ரஷ்யாவின் மேல் இருந்தது.

எட்டரை மணிக்குத் துபாயிலிருந்து தம்பி கூப்பிட்டான். கோபாலபுரம் வீட்டு ஹாலில், அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. போனோடு மொட்டை மாடிக்கு ஓடினேன்.

“அப்பா எப்படி இருக்காரு?”

“தூங்கறாரு. நீ சாப்டியா?”

“ம்.”

“ஏதாவது சாப்டுடா.”

விமான நிலைய அறிவிப்பு மட்டும் கேட்டது. “சரிக்கா” என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவே இல்லை. ஒவ்வொரு முறை போன் அதிர்ந்தபோதும் அவனாக இருக்கக் கூடாதே என்று நடுங்கினேன்.

காலையில் விமான நிலைய வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தான்.

“எப்போ?”

“நேத்து மத்தியானம். பொய் சொல்லிட்டேன்டா.”

“தெரியும். பேச்ச மாத்தி, நீ சாப்டியான்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. அங்க யாரும் இல்லக்கா, யார்கிட்ட அழறது? அதான் மேல கேக்கல.”

வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அவன் அங்கேயே, பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதான்.