ஜனவரி ஒன்றாம் தேதி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தேதி மட்டும் நினைவில் நிற்காது. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், நாலு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் கண் விழிக்கும். வெளியே சங்கராபுரத்துத் தெரு மே மாத வெயிலில் வெள்ளையாகக் கிடக்கும். அதற்குள் மட்டும் புது வருஷம் பிறந்துகொண்டே இருக்கும். நான் அப்போது நாலாவது முடித்திருந்தேன். இன்னும் பால்பல் விழாத நான் ஒருத்தி அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பெங்களூரிலிருந்த மாமா, தன் ஆபீஸில் கழித்துக்கட்டியதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த அம்மா, தாலுகா ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு அதில் மனு அடித்துக் கொடுப்பாள். அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலையில் ஃபிட்டர். அங்கே ஏதாவது ஒரு மெஷினில் சின்னதாகச் சத்தம் மாறினால்கூட, மொத்தத்தையும் பிரித்துப் போட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார். வீட்டில் அவர் வேறு மனிதர். அழுத்தினால் உள்ளேயே போய்விடும் பவர் பொத்தானுக்கு ஒரு தீக்குச்சி. சூடாகி நின்றுபோவதற்கு, பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு டேபிள் ஃபேன். தேதியைத் திருத்தி வைக்க நான்.

“ஒரு தபா உள்ள இன்னான்னு பாருங்களேன். ஆலைல பாக்கறீங்க இல்ல?” என்பாள் அம்மா.

“ஆன் ஆவுதா, ஆவுது. வேல நடக்குது. இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு?” என்பார் அப்பா.

அந்தக் கோடையில் டி.வி.யைப் போட்டால் இடஒதுக்கீடுதான். டெல்லியில் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் அது வேண்டாம் என்று வெள்ளைக்கோட்டோடு ரோட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வேண்டும் என்று ரோட்டை மறித்தார்கள். இரண்டுமே எனக்கு ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது.

அப்படி ஒரு நாள் காலையில், கல்வராயன் மலையிலிருந்து ஒரு அக்காவும் அவள் அப்பாவும் வந்தார்கள். அக்கா பிளஸ் டூ பாஸ். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட ஜாதி சான்றிதழ் வேண்டும். விண்ணப்பத்துக்கு மறுநாள்தான் கடைசி. தேக்கிலையில் சுற்றிப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். அம்மா பாதி மனு அடித்திருந்தபோது கரண்ட் போய் வந்தது. முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று.

“பாப்பா, தேதி வெச்சிட்டியா?”

காலையில் வைத்திருந்தேன். மறுபடி வைக்கவேண்டும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் வாய் நிறையப் பலாச்சுளை, விரலெல்லாம் பிசுபிசுப்பு. எழுந்துபோய்க் கை கழுவ மனமில்லை. “வெச்சிட்டேம்மா,” என்றேன்.

மனுவின் அடியில் தேதி தானாக விழும்படி மாமா செய்துவைத்திருந்தார். அந்த அக்கா தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் விரல் வைத்து இரண்டு முறை படித்துப் பார்த்தாள். தேதியைப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

மதியம் அவர்கள் திரும்பி வந்தார்கள். தேதி தப்பு என்று ஆபீஸில் திருப்பிக் கொடுத்த தாளை அக்கா நீட்டினாள். அவள் எட்டாம் வகுப்புப் படித்த வருஷத்தின் ஜனவரி ஒன்றாம் தேதியில், பிளஸ் டூ பாஸ் செய்துவிட்டதாக எழுதியிருந்தது. அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். மளமளவென்று புதிதாக அடித்துக் கொடுத்து, அவர்களோடு தானும் தாலுகா ஆபீஸுக்கு ஓடினாள். அதற்குள் கூட்டுரோட்டில் மறியல் என்று கையெழுத்துப் போடவேண்டியவர் ஜீப்பில் கிளம்பிப் போயிருந்தார். ஆபீஸ் மூடும்வரை மூன்று பேரும் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. மறுநாள் பஸ்ஸே ஓடவில்லை.

வேலை முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் குந்தினார். மூடி இல்லாமல் கிடந்த அந்தப் பெட்டிக்குள், இத்தனை நாளும் எல்லோர் கண்ணுக்கும் எதிரே, தேதியை நினைவில் வைக்கவேண்டிய பேட்டரி ஒன்று, உயிர் போய், நாலணா அகலத்தில் மின்னிக்கொண்டிருந்தது. வாட்ச் கடையில் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து பொருத்தினார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த டீயை அவர் குடிக்கவில்லை.

விண்ணப்பத்தின் கடைசி நாள் தாண்டி, ரோடு திறந்த அன்றுதான் சான்றிதழ் கைக்கு வந்தது. ஊருக்குத் திரும்பும் வழியில், அம்மாவிடம் சொல்லிக்கொள்ள இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். அம்மாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “வுடுங்கம்மா, நீங்க இன்னா பண்ணுவீங்க,” என்றார் அந்த அப்பா. அக்கா குனிந்து என் கன்னத்தைத் தொட்டாள். “அடுத்த வருசம் பாக்கலாம்,” என்றாள்.

என்னைப் பார்க்கத்தான் வருவதாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாக அவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை குதித்துக்கொண்டே போய்க் கையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் லீவு விட்டதிலிருந்து, மலை பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் போய் நின்றேன். ஏன் இன்னும் வரவில்லை என்று அம்மாவைக் கேட்டால், காதில் விழாதவள் மாதிரி அவள் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். சொன்ன பேச்சைக் காப்பாற்றாத அந்த அக்காமேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.