கொரியா விருந்தாளிக்கு வைத்த சுந்துபு

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதக் கடைசியில் நடந்தது இது. என் தம்பி நீடாமங்கலம் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிறான். அரிசியில் கலந்த கறுப்பையும் பழுப்பையும் தானாகவே பிரித்துத் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கொரியாவிலிருந்து வரவழைத்தான். அதைப் பொருத்திக் கொடுக்க அங்கிருந்தே ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் வீட்டு மாடியறையைக் கொடுத்தோம். சாப்பாடு என் பொறுப்பு.

என் கைமணத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தலைவாழை இலை போட்டு, இறால் தொக்கு, வஞ்சிர வறுவல், கோழிக் குழம்பு என்று அமர்க்களப்படுத்தினேன். மனிதர் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இலை காலியாக ஆக நான் வைத்துக்கொண்டே இருந்தேன். கையைக் கையை ஆட்டினார்தான். ஆனால் விருந்தாளி வேண்டாம் என்றால் எங்கள் பக்கம் யார் நம்புவார்கள்? இலையை மூடினால்தான் நிறுத்துவோம். இலையை மூடவேண்டும் என்று அவருக்குத் தெரியாது. வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். இப்படியே மூன்று நாள் ஓடியது.

நான்காம் நாள் அவர் கீழே இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு கிடக்கிறார். டாக்டர் வந்து ஊசி போட்டு, எண்ணெயையும் காரத்தையும் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு நாளும் கஞ்சி, இட்லி, மோர் எதுவும் அவருக்கு இறங்கவில்லை. முகம் வற்றிப்போனது. ஆலையில் சம்பா மூட்டைகள் வந்து குவிய, இயந்திரம் பாதியில் நிற்க, தம்பி என்னைத் திட்டவும் முடியாமல் தவித்தான். எனக்கு இயந்திரம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த மனிதரை நானே சோறு போட்டுப் படுக்க வைத்துவிட்டேனே என்றுதான் மனசு குறுகுறுத்தது.

கல்லூரியில் படிக்கும் என் மகள், கைபேசியில் மொழிபெயர்த்து, என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று அவரிடம் கேட்டாள். அவர் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்புச் சட்டியில் செக்கச்செவேலென்று ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பகீரென்றது.

"அம்மா, இது சுந்துபு ஜிகே. சோயாப் பாலைத் திரிச்சு, அந்தக் கட்டியப் போட்டு வைக்கிற குழம்பு. உடம்பு முடியாதவங்களுக்கு மிளகாய் போடாம வெள்ளையாவும் வைப்பாங்க" என்றாள். கொரியத் தொடர் பார்க்கிறாள் என்று நான் அவளைத் திட்டாத நாளில்லை. அன்று அவள் சொல்லச் சொல்லச் சமையலில் இறங்கினேன்.

சோயா பீன்ஸை ஊறவைத்து, கிரைண்டரில் ஆட்டி, வேட்டித் துணியில் வடிகட்டிக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டேன். பஞ்சுபோலத் திரண்டு வந்தது. அதைப் பிழியாமல் அப்படியே அள்ளிப் போடவேண்டுமாம். குழம்புத் தண்ணீருக்கு நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவிடச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; வேளாங்கண்ணி போனால் நான் வாங்காமல் திரும்பாத கருவாடு. கடுகு தாளிக்கக் கை பரபரத்தது, மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூண்டு, வெங்காயத்தாள், உப்பு, கடைசியாக ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மண்சட்டியைக் கொதிக்கக் கொதிக்க மாடிக்குக் கொண்டுபோனேன்; மகளும் கூட வந்தாள். பதற்றத்தில் சோறு குழைந்துவிட்டது. அரிசி ஆலைக்காரனின் அக்கா குழைந்த சோறு போடுவதா என்று வெட்கமாக இருந்தது. அவரோ அதைத்தான் ஆசையாகப் பார்த்தார். அவர்கள் ஊர்ச் சோறு ஒட்டிக்கொண்டுதான் இருக்குமாம்.

ஆனால் அவர் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. சட்டியை நடுவில் நகர்த்தி, இன்னும் இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கி, அவரே எங்களுக்கும் ஊற்றினார். வீட்டில் இதை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடுவார்களாம். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று மழுப்பினேன். அவர் பதிலைக் கைபேசி தமிழில் சொன்னது.

"நீங்கள் உட்காரும்வரை நான் சாப்பிட மாட்டேன்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில், விருந்தாளி சாப்பிடும்போது நான் உட்கார்ந்ததே இல்லை. எல்லோரும் எழுந்த பிறகு ஆறியதைச் சாப்பிட்டுத்தான் பழக்கம். அன்று உட்கார்ந்தேன். முதல் வாய் நாக்கைச் சுட்டது. சோயாக் கட்டி மெல்லாமலே வழுக்கி இறங்கியது. காரமில்லை, புளியில்லை, ஆனாலும் அப்படியொரு ருசி. அவர் நிதானமாக ஒரு கிண்ணத்தை முடித்துவிட்டுத் தானே இன்னொன்று ஊற்றிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாளில் எழுந்து வேலைக்குப் போனார். வியட்நாம், அமெரிக்கா, பிரேசில் என்று வேலைக்காகப் போன இடமெல்லாம் இந்தக் குழம்புக்கு உள்ளூர்க்காரர்களே வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறாராம். உலகம் அதைக் கொண்டாட என் மகள் ஆயிரம் காரணம் சொல்வாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சமைத்தவளுக்கும் பசிக்கும், அவளும் சூட்டோடு சாப்பிடவேண்டும் என்று என் வீட்டில் முதன்முதலில் நினைத்தவர், என் சாப்பாட்டால் படுத்துக் கிடந்த அந்த மனிதர்தான்.