அப்பா பேரோடு அண்ணன் கொடுத்த வண்டி

களக்காட்டுக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையில் உள்ள நம் ஊரில் மூன்று பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். பத்தாம் வகுப்பு முடித்து வாழை போட்டார். அவருக்கு இருபது வயது இருக்கும்போது, மடைத் தண்ணீர்த் தகராறில் அக்கரை ஊர்க்காரர்கள் அப்பாவை வெட்டினார்கள். உடலைத் தூக்கி வந்தது அண்ணன்தான். நான் அந்த வருஷமே ஏழாம் வகுப்போடு லாரியில் ஏறி வடக்கே போய்விட்டேன். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவரும், அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவரும் அண்ணன்.

இந்தத் திதி நோட்டீஸில் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதினால் படிக்கிற நீங்களே சிரிப்பீர்கள். அப்பாவை வெட்டியவர்களில் ஒருவரின் காலை அண்ணன் வெட்டினார், சிறையில் இருந்தார். வெளியே வந்து, வாழை வியாபாரத்தில் காசு சேர்ந்ததும், ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்று வாங்கினார். பின் கண்ணாடி முழுக்க அப்பா பெயரைச் சிவப்பில் எழுதி, கீழே வாள் படம் ஒட்டினார். இருக்கைக்கு அடியில் அரிவாள் கிடக்கும். ஹாரன் அடித்துக்கொண்டே அக்கரைத் தெருவில் போய் வருவார். அங்கே பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒருமுறை கல்லெறிந்த ஒருவரை வண்டியாலேயே சுவரோடு வைத்து நெருக்கினார். அவருக்கு இடுப்பு உடைந்தது.

அந்த வழக்கும் ஒருவழியாக முடிந்த பிறகு, வாழைத்தார் ஏற்றும் சின்ன வண்டியில் ஒரு பெண்ணைக் கயிற்றால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதை அண்ணன் பார்த்தார். மனநலம் சரியில்லாதவர்களை வைத்துப் பார்க்கும் இல்லத்துப் பெண் அது. கீழே விழுந்துவிடாமல் இருக்கக் கட்டியிருந்தார்கள். மறுநாளே அண்ணன் இல்லத்தை நடத்தும் டீச்சரம்மாவிடம் போய் நின்றார்.

“என் வண்டிய எடுத்துக்கிடுங்கம்மா.”

“ஒங்க வண்டியா? அதக் கண்டாலே ஊரே நடுங்குது தம்பி.”

“அதனாலதாம்மா குடுக்கேன். இனி நாலு பேருக்கு ஒதவட்டும்.”

ஆர்.சி. புத்தகத்தை இல்லத்தின் பெயருக்கு மாற்றினார். நாலு டயரும் புதிதாகப் போட்டார். இருக்கைக்கு அடியில் கிடந்த அரிவாளை எடுத்துவிட்டார். கண்ணாடியில் இருந்த பெயரைச் சுரண்டச் சொன்னார் அண்ணி. அண்ணன் கேட்கவில்லை.

“கோயிலுக்கு ஒரு டியூப்லைட் குடுத்தாக்கூட உபயம்னு பேரு எழுதுதோம். அப்பா பேரு ஒரு நல்ல காரியத்துல இருந்துட்டுப் போவட்டுமே.”

போனில் நானும் சரி என்றேன். நமக்கு அது அப்பா பெயர். அக்கரைக்காரர்களுக்கு அது என்ன என்று நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது வாரம், அக்கரை ஊர்ப் பெண் ஒருத்தி குணமாகி வீட்டுக்குக் கிளம்பினாள். இல்லத்து டிரைவர் பொன்னையா அண்ணாச்சி அவளை இறக்கிவிட வண்டியை அந்தத் தெருவில் திருப்பினார். கல் வந்தது. பக்கக் கண்ணாடி நொறுங்கி அந்தப் பெண்ணின் நெற்றி கிழிந்தது. அண்ணாச்சியை வெளியே இழுத்துப் போட்டார்கள். “நான் டீச்சரம்மா டிரைவர் வே!” என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. தடுத்த கையில் வெட்டு விழுந்தது. இரத்தத்தோடு இறங்கி ஓடி வந்தது தங்கள் ஊர்ப் பெண் என்று தெரிந்த பிறகே நிறுத்தினார்கள்.

சேதி வந்து அரை மணி நேரத்தில் நம் வாசலில் அரிவாளோடு முப்பது பேர் நின்றீர்கள். லீவுக்கு வந்திருந்த நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

“மாமா, நம்ம வண்டிய அடிச்சிட்டானுவ!” என்று கத்தினான் அக்கா மகன்.

“அது நம்ம வண்டி இல்லலே” என்றார் அண்ணன்.

“தாத்தா பேரு இருக்கே!”

“அதாம்லே தப்பு. பேர வச்சி அனுப்புனது நான். அண்ணாச்சி கையில விழுந்தது என் வெட்டு.”

உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார். நான் பின்னால் போனேன். கால்வாய்ப் பாலத்தில் திரும்பி, “இங்கனயே நில்லு. என்ன நடந்தாலும் தாண்டாத. தாண்டினா நீ எனக்குத் தம்பி இல்ல” என்றார்.

பாலத்திலிருந்து தெரு தெரியும். அண்ணன் நடுத்தெருவில் நின்று சொன்னார்: “யாரு வெட்டுனதுன்னு கேக்க வரல. தப்பு என்னோடது. பேர எடுத்துருதேன். இனிமே அந்த வண்டிய விட்டுருங்க.”

இடுப்பு உடைந்தவர் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். “இந்தத் தெருவுல எத்தன தடவ ஹாரன் அடிச்சிருப்ப?” என்று கேட்டு, அதே கட்டையால் அடித்தார். தோளில், விலாவில், கடைசியாகத் தலையில். அண்ணன் கையைத் தூக்கவில்லை. நான் லாரித் தொழிலில் நிறைய அடிகள் பார்த்தவன், பட்டவன். அன்று பாலத்தைத் தாண்டாமல் நின்றதுதான் எனக்குப் பெரிய பாடு. அண்ணன் விழுந்ததும், குணமாகி வந்த அந்தப் பெண்ணின் அப்பா ஒரு கட்டிலைத் தூக்கி வந்தார். அவரும் இன்னும் மூன்று பேரும் அண்ணனைப் பாலம்வரை சுமந்தார்கள்.

அடித்தவர் பெயரை அண்ணன் போலீசிடம் சொல்லவே இல்லை. அண்ணாச்சியின் கை சம்பந்தமான வழக்கு தனியாக நடக்கிறது. அண்ணனுக்கு அதற்குப் பிறகு வலிப்பு வந்தது. வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். பெயரைச் சுரண்டி எடுத்த அந்த வண்டியில் முன்பக்கம் இடது இருக்கையில் உட்கார்ந்து நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். அக்கரைத் தெருவிலும் வண்டி தடையில்லாமல் போகிறது. இரண்டு வருஷம் இப்படி இருந்து, ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வந்த வலிப்பில் போய்விட்டார்.

அந்த அடியால்தான் இறந்தார் என்று சிலர் பேசுகிறீர்கள். இருக்கலாம். டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அண்ணன் பிள்ளைகள் இருவரிடமும் வந்து பழி பேசுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு இந்த வருஷத் திதியோடு முடியட்டும்.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட அண்ணிக்கும், ஆஸ்பத்திரியில் கூட இருந்த டீச்சரம்மாவுக்கும், மடங்காத இரண்டு விரலோடு இன்றும் அந்த வண்டியை ஓட்டும் பொன்னையா அண்ணாச்சிக்கும், கட்டில் தூக்கி வந்த பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனை அடித்தவர் வீட்டுக்கும் நானே பாலம் தாண்டிப் போய்த் திதிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் வந்தால் முதல் பந்தியில் உட்காருவார்கள். பரிமாறப்போவது அண்ணன் பிள்ளைகள். அதைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் இரண்டாம் பந்திக்கு இருங்கள்.

— தம்பி