மாமா திருத்திய கருந்துளை

கருந்துளையின் படம் எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்தது. முதல் தடவை சித்தி கொண்டுவந்தார். இரண்டாம் தடவை மாமா அதைத் திருத்திக் கொண்டுவந்தார்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. வெளிநாட்டில் ஆராய்ச்சி. உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இருந்த ரேடியோத் தொலைநோக்கிகளைச் சேர்த்துக் கருந்துளையைப் படமாக்கிய பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் பிறந்தவர். திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுக்கும்போது கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் கொம்பியூட்டரில் கண் திறந்துவைத்த புண்ணியம் அவருடையது. ஆக, ஒரே வீட்டில் படம் செய்கிறவர்கள் இரண்டு பேர். ஆனால் சித்தியின் படத்தைப் பார்த்ததும் மாமாவின் முகம் சுருங்கிப்போனது.

"இவ்வளவு படிச்ச ஆக்கள் சேர்ந்தும் ஃபோக்கஸ் விழேல்லையே, பிள்ளை?"

சித்தி பொறுமையாகச் சொன்னார். தொலைநோக்கிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் கிடைத்த தகவலில் ஓட்டைதான் அதிகம். அந்த ஓட்டைகளை நிரப்பித்தான் படம் செய்ய வேண்டும். நிரப்புகிறவர் மனதில் ஒரு வளையம் இருந்தால் படத்திலும் வளையம் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பயந்து தனித்தனிக் குழுவாகப் பிரிந்து, ஒரு குழு மற்றக் குழுவோடு கதைக்காமல் வேலை செய்தார்களாம். எல்லோரும் தனித்தனியே ஒரே வளையத்தில் வந்து நின்ற பிறகுதான் நம்பினார்களாம். கதைக்காமலே வேலையோ என்று அம்மா வியந்துபோனார். எங்கள் வீட்டில் கதைக்காமல் ஒரு மீன்கூடக் கழுவ ஏலாது.

அடுத்த நாள் மாமா சட்டம் போட்ட படத்தோடு வந்தார். கலங்கலாக இருந்த வளையம் இப்போது புதுக்காப்புப் போல மின்னியது. சுற்றிவர ஊதா வானம், அதில் அள்ளித் தூவிய நட்சத்திரம். நடுவில் இருட்டு இருந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் வெளிச்சம். எனக்கு அப்போது பத்து வயது. உண்மையைச் சொன்னால், சித்தியின் படத்தைவிட எனக்கு இதுதான் பிடித்திருந்தது.

"நடுவில என்ன அண்ணா இது?" என்று சித்தி கேட்டார்.

"அதில ஒண்டும் இருக்கேல்லை. வெறுமையாக் கிடந்தது. பாக்கிறவைக்கு ஒரு மாதிரி இருக்குமெண்டு நிரப்பினனான்."

"ஐயோ அண்ணா, அந்த இருட்டைத்தான் நாங்கள் தேடினது! அதுக்குள்ள போன வெளிச்சம் திரும்பி வராது. அந்த இருட்டு எவ்வளவு பெரிசெண்டு பாத்துத்தான், ஈர்ப்பைப் பற்றி நூறு வருசத்துக்கு முதல் எழுதின கணக்குச் சரியோ பிழையோ எண்டு சொல்லலாம்."

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமாவும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். திடீரென்று சித்தியின் சிரிப்பு நின்றது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் அம்மம்மாவின் படம் தொங்கியது. வெருகல் பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து எல்லோரும் இடம்பெயர்ந்து ஓடிவந்த காலத்தில் அம்மம்மா காய்ச்சலில் இறந்துபோனார். விட்டுவந்த வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு படங்களும் போய்விட்டன. அப்போது சித்திக்கு ஐந்து வயது. பிறகு ஸ்டூடியோவுக்குக் கொம்பியூட்டர் வந்ததும் மாமா முதல்முதலாகச் செய்தது அந்தப் படத்தைத்தான். அழகான படம். வரிசைப் பல் தெரிய அம்மம்மா சிரித்துக்கொண்டிருப்பார். சித்தி தன் அம்மா என்று நினைத்தால் அவர் மனதில் வருவது அந்த முகம்தான். அதைவிட்டால் அவருக்கு வேறு முகம் இல்லை.

"அண்ணா, அப்ப அம்மாவின்ர படத்தில எதை நிரப்பினனீங்கள்?"

மாமா கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்மா கையோட கொண்டுவந்த அடையாள அட்டை ஒண்டு இருந்ததுதானே. தண்ணி பட்டு அழிஞ்சது. நெத்தியும் ஒரு கண்ணும் கிடந்தது."

"மிச்சம்?"

மாமாவுக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் காலை சித்தி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். அம்மம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று வீட்டில் ஒவ்வொருவரையும் நான் தனியே கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. "நான் கேட்டா, எனக்கு என்ன விருப்பமெண்டு பாத்துத்தான் சொல்லுவினம். நீ கேள்" என்றார். அவருடைய குரல் கொஞ்சம் நடுங்கியது. குளித்த குளிர் என்று நினைத்துக்கொண்டேன். என்னை ஆராய்ச்சிக்காரியாக்கிய பெருமையில் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "வட்ட முகம், வெள்ளை நிறம்" என்று தொடங்கி, "முன்பல்லு ரெண்டும் மிதப்பு, வெளிய தள்ளிக்கொண்டு நிக்கும். சிரிக்கேக்க கையால வாயை மூடுவா" என்றார். பிறகு துருவலையை வெறுமனே சுற்றியபடி, "பல்லைச் சொல்லிச் உன்ர சித்தியை நோகப்பண்ணுவானேன் எண்டு நான் கதைக்கிறேல்லை" என்றார்.

பல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சித்தியின் முன்பல்லும் அப்படித்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர்கூட இருந்ததாம். வீட்டிலோ சுவரில் இருந்த அம்மம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும் பல் வரிசையாக இருந்தது. 'நான் ஆரைப் போல வந்து பிறந்தேனோ' என்று அவர் அழுததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் உதவிப்பணம் கையில் கிடைத்ததும் சித்தி முதலில் செய்தது பல்லுக்குக் கம்பி போட்டதுதான். கருந்துளைப் படத்தோடு வந்தபோது கம்பியும் கழன்று, பல் வெட்டிவைத்தாற்போல நேராக இருந்தது.

அடுத்தது அம்மப்பா. அவர் சாமான் அறையில் ரேடியோவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். "நீட்டு முகம். கறுப்பி" என்றார். அம்மா சொன்னதற்கு நேர்மாறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லுக் கொஞ்சம் முன்னுக்கு. படம் வடிவாத்தான் கிடக்கு, ஆனா அது அவளில்லை."

"அப்ப ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தில ஆருக்குப் பூ வைக்கிறீங்கள்?"

"அவளுக்குத்தான்" என்றார் அம்மப்பா. என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கடைசியாக மாமாவின் கடைக்குப் போனேன். அவர் யாருக்கோ பூப்புனித நீராட்டு விழாப் பதாகை செய்துகொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கை நின்றது. "எனக்கு முகம் தெரியாது, பிள்ளை. நான் செய்த படத்தைப் பாத்துப் பாத்து இப்ப எனக்கும் அதுதான் வருகுது. பல்லு மட்டும் மறக்கேல்லை. மிதப்புப் பல்லு."

"படத்தில நேராத்தானே இருக்கு?"

"எங்கட அம்மாதான் கேட்டவ. நான் ஸ்டூடியோவில வேலை பழகப் போன புதுசு. தம்பி, நீ படம் எடுக்கப் பழகினா என்ர பல்லைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிவிடு எண்டு பகிடி விட்டவ. உயிரோட இருக்கேக்க ஒரு படமும் எடுத்துக் குடுக்க என்னால ஏலாமப் போச்சு." மாமா திரையில் இருந்த சிறுமியின் கன்னத்தை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கினார். அவர் கண் மட்டும் திரையில் இல்லை.

நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். சித்தி படலையடியிலேயே காத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒத்துவரவில்லை, நிறத்தில் ஒத்துவரவில்லை, மூன்று பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பது பல்லில் மட்டும்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மம்மாவுக்கு மிதப்புப் பல். அதைக் கையால் மூடித்தான் சிரிப்பார். அதை உள்ளே தள்ளிவிடச் சொல்லிக் கேட்டதும் அவர்தான்.

"அம்மாவே கேட்டவவோ?"

"ஓம். மாமா சொன்னவர்."

சித்தி மெல்லக் கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பரிசோதனை சரிவந்த சந்தோசத்தில் சிரிக்கிறார் என்று நினைத்து, நானும் சேர்ந்து சிரித்தேன்.