சாக்கடைமேல் கவிழ்ந்து கிடந்த சிப்பாய்க் கல்

ஆடி அமாவாசை. காலை 8.10-க்குத் திருவண்ணாமலையில் செஞ்சி பேருந்தில் ஏறினேன். கீழ்பென்னாத்தூர் இருபது கிலோமீட்டர். கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். உட்கார இடமில்லை. முதல் உலகப்போருக்குப் போனவர்களுக்காக வெள்ளைக்காரன் நட்ட கல் பக்கத்துக் கிராமத்தில் இருப்பதாக ஒரு லாரி ஓட்டுநர் சொல்லியிருந்தார்.

ஈராக்கின் பாஸ்ராவில் சமையல் ஆளாக இருந்தபோது, பாலைவனத்தில் ஒரு நினைவுச் சுவரைப் பார்த்தேன். அந்தப் போரில் செத்த இந்தியக் காலாட்படை பிரிகேடுகளின் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டியிருந்தது. சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கே வயிறு எரிந்தது.

9.30. ஷேர் ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். கல் நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறவர்கள் கல்லைப் பிடுங்கி, எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துச் சாக்கடைக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். சிமெண்டு மூட்டையோடு ஆட்கள் அதை மிதித்துப் போனார்கள்.

எதிரே சகுந்தலா என்பவர் சோற்றுக் கூடையோடு நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், வேர்க்கடலை பயிரிடுகிறவர். அவருடைய கொள்ளுத்தாத்தா முனுசாமி, அப்படியொரு பிரிகேடோடு அதே பாஸ்ராவில் இறங்கியவர், திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் அமாவாசையில் படையல். சமாதி இல்லாததால் இந்தக் கல்லின் முன்னால்.

"வேற கல்லு போட்டுத் தரேம்மா, கிரானைட்டு. இத்தவிட ஜோரா இருக்கும்," என்றார் சாலை வேலை மேஸ்திரி.

"உங்கப்பனுக்குப் பதிலா ஜோரா வேற ஆள நிறுத்துனா, அப்பான்னு கூப்புடுவியா நீ?" என்றார் சகுந்தலா.

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். மேஸ்திரிக்கு முகம் கறுத்தது. "இது கவர்மெண்டு கல்லும்மா. எடுக்க ஆர்டர் வேணும்."

"மிதிக்கிறதுக்கு ஆர்டர் வாங்குனீங்களா?" என்றேன்.

நானும் ஆட்டோக்காரரும் கடப்பாரையை எடுத்தோம். கூலியாட்கள் இருவர் மூட்டையை இறக்கிவிட்டு வந்து கைகொடுத்தார்கள். 11.40-க்குக் கல் புரண்டது. சேற்றைக் கழுவி, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்த ஊரிலிருந்து பதினொரு பேர் போருக்குப் போனார்கள். மூன்று பேர் உயிர்விட்டார்கள். அவ்வளவுதான். இங்கேயும் ஒரு பெயர் இல்லை.

நால்வரும் சுமந்துபோய், சகுந்தலாவின் வரப்பில் குழி தோண்டி நட்டோம்.

"ஆர்டர் கேட்டா என் பேரச் சொல்லுய்யா," என்று சகுந்தலா மேஸ்திரியிடம் கத்தினார்.

பிறகு மூன்று இலை விரித்துச் சோறு வைத்தார்.

"மூணு எதுக்கும்மா?" என்றேன்.

"மத்த ரெண்டு பேரு யாரு வூட்டுப் புள்ளைங்களோ. தெரியலன்னு பட்டினி போட முடியுமா?"

முதல் இலையின் முன் கற்பூரம் ஏற்றி, "முனுசாமி தாத்தா, வந்து சாப்புடு," என்றார். மற்ற இரண்டுக்கும், "நீங்களும் வாங்கப்பா," என்றுதான் கூப்பிட முடிந்தது.

1.20-க்குத் திரும்பும் பேருந்து. மலை கண்ணில் படும்வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தக் கல்லில் பாதிக்குமேல் வெற்றிடம். பதினொரு பெயரும் கொள்ளும்.